கடல் கடந்தவரின் கைப்பேசி எண்



வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு நாம் எத்தனையோ அறிவுரைகள் சொல்லி அனுப்புகிறோம். தொழுகையைத் தவறவிடாதே, கண்டவர்களுடன் சேராதே, பாஸ்போர்ட்டை எவரிடமும் கொடுத்துவிடாதே, ஊறுகாய்ப் புட்டியைத் துணிகளுக்கு நடுவில் வை என்றெல்லாம் சொல்கிறோம். ஆனால் விமானத்தை விட்டிறங்கிய சில மணி நேரத்திற்குள் அவன் செய்யப்போகும் முதல் கொடுக்கல் வாங்கலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. கைப்பேசிக்கு ஒரு சிம் அட்டை வாங்குவதே அந்தக் கொடுக்கல் வாங்கல். எந்த நிறுவனத்தின் அட்டை, எந்தத் திட்டம், யார் பெயரில் என்பதையெல்லாம் தூக்கக் கலக்கத்தில், மொழி தெரியாத இடத்தில், பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்டு அவன் முடிவு செய்கிறான்.

இதில் என்ன இருக்கிறது, சில திர்ஹம்களோடு முடிகிற காரியம்தானே என்று கேட்கத் தோன்றும். ஒரு காலத்தில் அவ்வளவுதான். எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் சென்ற நம் மூத்தவர்கள் வீட்டோடு பேசியது கடிதத்தில். சிலர் டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருபவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினர். பின்னர் ஐ.எஸ்.டி. பூத்துகள் வந்தன. இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1995 ஜூலை 31-இல். அன்று ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு ரூபாய் வரை ஆயிற்று. வருகிற அழைப்பை எடுப்பதற்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003 மே மாதத்திற்குப் பிறகுதான் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் ஒழிந்தது. அக்காலத்தில் கைப்பேசி எண் என்பது பேசுவதற்கு மட்டுமே. இணைப்பு அறுந்தால் பேச்சு நின்றது, வேறெதுவும் நிற்கவில்லை.

இன்று நிலைமை அதுவன்று. சவூதியில் இகாமாவைப் பற்றிய தகவல்களையும் அரசாங்கக் காரியங்களையும் பார்ப்பதற்குரிய அப்ஷிர் சேவை உங்கள் கைப்பேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. அமீரகத்தில் எமிரேட்ஸ் அடையாள அட்டையும் யு.ஏ.இ. பாஸ் செயலியும் அவ்வாறே. சம்பளம் வங்கிக் கணக்கிற்கு வருகிறது. அதை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் ஓ.டி.பி. எனும் மறைஎண் கைப்பேசிக்கு வர வேண்டும். அந்த எண் கையை விட்டுப் போனால், உழைத்துச் சம்பாதித்த பணத்தையே தொட முடியாமல் நிற்க நேரிடும். ஆதலால் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தொடர்பின் இரு முனைகளைப் பாருங்கள் என்பேன். ஒரு முனை அந்நாட்டுச் சட்டத்தோடு உங்கள் பெயரைக் கட்டுகிறது. மறுமுனை ஊரில் உங்கள் குரலுக்காகக் காத்திருப்பவர் கையில் இருக்கிறது. இவ்விரண்டையும் பார்த்துவிட்டால் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தையன்று.

யார் பெயரில் அந்த எண்?

புதிதாகச் செல்பவருக்கு அறையில் மூத்தவர் ஒருவர் தம்மிடமுள்ள உபரி சிம்மைக் கொடுத்து, "இப்போதைக்கு இதைப் போட்டுக்கொள் தம்பி" என்பார். கொடுப்பவர் மனத்தில் கள்ளமில்லை. வாங்குபவருக்கோ முதல் மாதச் சம்பளம் வரும்வரை அது பேருதவி. ஆனால் அந்த "இப்போதைக்கு" என்பது எத்தனை மாதம் நீள்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

நான் அறிந்த ஓர் இளைஞர் ஜுபைலில் வேலைக்குச் சேர்ந்து, இவ்வாறு பெற்ற எண்ணையே வங்கியிலும் கொடுத்துவிட்டார். எட்டு மாதங்கள் கழித்து, சிம் கொடுத்த பெரியவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அவருடைய இகாமா முடிந்தது. அதன்கீழ் இருந்த எண்ணும் முடிந்தது. இளைஞரின் கணக்கில் பணம் இருந்தது. கையில் வங்கி அட்டையும் இருந்தது. ஊருக்கு அனுப்புவதற்குரிய மறைஎண் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது. விடுப்புப் போட்டு வங்கிக் கிளைக்கு நடையாய் நடந்து, புதிய எண்ணைப் பதிந்து அனுப்பி முடிப்பதற்குள் தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கு இங்கே வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார்கள். எட்டு மாதம் இலவசமாகக் கிடைத்த சிம்மின் விலை அந்த வட்டி.

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. உங்கள் பெயரில் எண் வாங்கிப் பிறருக்குக் கொடுப்பதைச் சொல்கிறேன். சவூதி அரசு 2016-ஆம் ஆண்டிலிருந்து கைவிரல் ரேகை வைத்தால்தான் சிம் என்று விதித்தது. சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்டு அட்டைகளுக்கு மேல் கூடாது என்று 2014-இல் வரம்பு கட்டினார்கள். இந்த விதிகளெல்லாம் ஒரே காரணத்தால் வந்தவை: எண்ணைப் பயன்படுத்துபவர் யாராயினும், கேள்வி வருவது எண்ணுக்குரியவரிடம். நண்பருக்காக ரேகை வைத்தேன் என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடுவதில்லை. நம் பெயர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம்; அதை நாம் விரும்பியவர்க்கெல்லாம் இரவல் கொடுப்பதற்கில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். சானமாவுக்குப் பக்கத்தில் உத்தனப்பள்ளியைச் சுற்றிப் பெரிய மின்னணுத் தொழிற்சாலை எழுந்த பிறகு, ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குவிகிற இளம்பெண்களையும் இளைஞர்களையும் பார்க்கிறோம். ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி அவர்கள் தேடுவதும் முதலில் ஒரு சிம்மையோ ரீசார்ஜ் கடையையோதான். நம் பிள்ளை துபையில் எப்படியோ, அப்படியே அவர்கள் இங்கே. இந்திய விதிப்படி ஒருவர் பெயரில் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஆள்மாறாட்டத்தாலோ மோசடியாலோ சிம் பெறுவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்திருக்கிறது. தம் பெயரில் எத்தனை எண்கள் இயங்குகின்றன என்று யாரும் பார்த்துக்கொள்ள 2023-இல் சஞ்சார் சாத்தி என்னும் இணையதளத்தையும் அரசு திறந்தது. பயணம் புறப்படுமுன் ஒருமுறை அதில் பார்த்துவிடுவது நல்லது. நாம் அறியாத எண் நம் பெயரில் இருந்தால், நாம் அயல்நாட்டில் இருக்கும்போது இங்கே வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புறப்படுகிற நாளில் எவரேனும் ஒரு கட்டு சிம் அட்டைகளைக் கொடுத்து, "அங்கே நம்ம ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்றால் தொடாதீர்கள். கம்போடியாவில் இயங்கிய இணைய மோசடி முகாம்களுக்கு இந்தியச் சிம்கள் கடத்தப்பட்ட செய்தி 2024-இல் வெளிவந்தது. கருவாட்டுப் பொட்டலத்தைக் கொண்டுபோகத் தயங்குகிற நாம், நகத்தளவு அட்டைதானே என்று இதைப் பையில் போட்டுக்கொள்கிறோம்!

விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென விற்கப்படும் சிம்மைப் பற்றியும் ஒரு சொல். வந்து சேர்ந்தேன் என்று வீட்டுக்குச் சொல்ல அது போதும், கெட்டதில்லை. ஆனால் அது பாஸ்போர்ட்டின் பேரிலும் வருகை விசாவின் பேரிலும் தரப்படுவது. அதற்குக் காலவரம்பு உண்டு. அந்த எண்ணை வங்கியிலோ நிறுவனத்திலோ கொடுத்துவிடாமல் பொறுத்திருங்கள். இகாமாவோ எமிரேட்ஸ் அட்டையோ கைக்கு வந்ததும், அதைக் காட்டி உங்கள் பெயரில் பிரீபெய்டு எண் ஒன்று பெறுங்கள். அதுவே உங்கள் எண். நாட்டை விட்டு வரும்வரை அதை மாற்றாதீர்கள். நிறுவனம் பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி சவூதியில் 2006 முதலும், அமீரகத்தில் 2013 இறுதி முதலும் இருந்து வருகிறது.

மறுமுனையில் யார்?

இனி விலைக்கு வருவோம். புதியவர் பெரும்பாலும், "மாதம் எத்தனை ஜி.பி. டேட்டா?" என்றுதான் கேட்கிறார். நான் வேறொன்றைக் கேட்பேன்: நீங்கள் பேசப்போகிறவர் யார்? அவர் கையில் இருக்கும் கைப்பேசி எத்தகையது?

சானமாவுக் காட்டை ஒட்டிய சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்து ராகி முற்றும் பருவத்தில், கர்நாடகத்துப் பன்னர்கட்டாக் காடுகளிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கி வருகின்றன. இருட்டிய பின் வெளியே போக வேண்டாமென்று வனத்துறை அறிவிக்கிறது. அந்நாட்களில் பரணில் காவலிருக்கும் ஒரு தகப்பனாரின் மடியில் இருப்பது பொத்தான் வைத்த சிறிய கைப்பேசி. அதில் வாட்ஸ்அப் கிடையாது. இருந்தாலும் இயக்கத் தெரியாது. தெரிந்தாலும் மரங்களுக்கிடையே டேட்டா சரியாக வருவதில்லை. ஆனால் சாதாரண அழைப்பு மணி அடிக்கும். ரியாத்தில் மாலை ஏழு மணிக்கு வேலை முடித்து வருகிற மகனுக்கு, இங்கே இரவு ஒன்பதரை. துபையில் ஏழென்றால் இங்கே எட்டரை. மகனிடம் ஐம்பது ஜி.பி. டேட்டா இருந்தென்ன? அந்தத் தகப்பனாருக்கு அது ஒரு நிமிடத்தையும் வாங்கித் தராது. அந்த மகனுக்குப் பொருத்தமான திட்டம், டேட்டா குறைவாகவும் இந்தியாவுக்கு நேரடியாகப் பேசும் நிமிடங்கள் கூடுதலாகவும் உள்ள ஒன்று. விளம்பரத்தில் அது பளபளப்பாக இராது. கடைக்காரரும் தாமாக எடுத்துக் காட்டமாட்டார். கேட்டு வாங்க வேண்டும்.

மனைவியும் பிள்ளைகளும் ஓசூர் நகரத்தில், ஸ்மார்ட்போனும் வீட்டில் வைஃபையும் வைத்திருந்தால் கணக்கு தலைகீழாகிறது. நிமிடங்கள் வீண், டேட்டாவே வேண்டும். எவ்வளவு வேண்டும்? செயலி வழிக் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு மெகாபைட் செலவாகும். தினமும் அரைமணி பேசினாலும் மாதம் ஒரு ஜி.பி.யைத் தாண்டாது. முகம் பார்த்துப் பேசினால் அதைப் போல் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ ஆகலாம். அப்போதும் மாதம் ஐந்தாறு ஜி.பி.யில் அடங்கும். மீதியெல்லாம் எங்கே போகிறது? குடும்பப் பேச்சிற்கன்று, இரவில் படுத்துக்கொண்டு பார்க்கிற வீடியோக்களுக்கு. அதற்கும் சேர்த்துப் பணம் கட்டுவதா, தங்குமிடத்து வைஃபையில் பார்ப்பதா, பாராமலே தூங்குவதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். "வீட்டுக்குப் பேசத்தான்" என்று சொல்லி அதை வாங்காதிருந்தால் சரி.

ஆனால் டேட்டா இருந்தால் மட்டும் பேசிவிட முடியும் என்று எண்ணி அமீரகத்தில் இறங்குகிறவர்கள் முதல் நாளே திகைத்துப் போகிறார்கள். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும். குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் பொதுவாக இயங்குவதில்லை. கைப்பேசி பழுதென்று நினைத்துக் கடைக்கு எடுத்துச் சென்றவர்களும் உண்டு. பழுதன்று, அந்நாட்டு ஒழுங்குமுறை. இணையவழிப் பேச்சுக்கு அனுமதி பெற்ற செயலிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. போட்டிம் போன்றவை அதில் அடங்கும். உங்கள் திட்டத்தில் அவை இயங்குமா, தனிக் கட்டணம் உண்டா என்று சிம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர் கைப்பேசியிலும் அதே செயலியைப் புறப்படுமுன் ஏற்றி, ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம். சவூதியில் இத்தகைய தடை நெடுங்காலம் இருந்து, விதிகளுக்கு உட்படும் செயலிகளுக்கு 2017 செப்டம்பரில் தளர்த்தப்பட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தத் தொல்லை இல்லை.

தடையைத் தாண்ட வி.பி.என். போட்டுக்கொள் என்று அறைத் தோழர் சொல்வார். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, குற்றம் புரிவதற்காக அதைப் பயன்படுத்துவோருக்கு ஐந்து இலட்சம் முதல் இருபது இலட்சம் திர்ஹம் வரை அபராதம். ஊரில் இருப்பவருக்கு இந்தத் தொகை விளங்க வேண்டுமானால், ஒரு கூலித் தொழிலாளி வாழ்நாள் முழுவதும் சம்பாதித்தாலும் கட்ட முடியாத தொகை என்று கொள்க. எல்லாரும் செய்கிறார்களே என்பது ஒரு நாட்டின் சட்டத்திற்கு முன்னால் பதிலாகாது.

கோபுரமும் கட்டணமும்

அமீரகத்தில் பழைய நிறுவனம் 1976-இல் தொடங்கிய எதிசலாத். 2022-இலிருந்து 'இ அண்ட்' என்னும் பெயரில் இயங்குகிறது. அடுத்து வந்தது டு. அதன் கைப்பேசிச் சேவை 2007-இல் தொடங்கியது. சவூதியில் எஸ்.டி.சி., மொபைலி, ஜெயின் ஆகிய மூன்று. இவற்றோடு கோபுரமே இல்லாத நிறுவனங்களும் உண்டு; பிறருடைய கோபுரத்தை வாடகைக்கு எடுத்துத் தம் பெயரில் சிம் விற்பவை. சவூதியில் லெபாரா, மொபைலியின் கோபுரத்தில் இயங்குகிறது, வெர்ஜின், எஸ்.டி.சி.யின் கோபுரத்தில். அமீரகத்து வெர்ஜின், டு நிறுவனத்தின் வலையமைப்பில். ஆகவே இவற்றில் சிக்னல் எப்படி என்று கேட்பதற்குப் பொருள், மூலக் கோபுரக்காரரின் சிக்னல் எப்படி என்பதுதான்.

லெபாரா என்றதும் நம்மவர் ஏதோ ஐரோப்பியப் பெயர் என்று எண்ணுகிறோம். லியோன், பாஸ்கரன், ரதீசன் என்னும் இலங்கைத் தமிழர் மூவரின் பெயர்களுடைய முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது அது! 2001-இல் அவர்கள் தொடங்கிய அந்த நிறுவனம் 2017-இல் வேறு கைக்கு மாறிவிட்டது. அதுபோலவே லைக்காமொபைல், அல்லிராஜா சுபாஸ்கரன் 2006-இல் தொடங்கியது. நம் மக்கள் அந்தப் பெயரைத் திரைப்பட நிறுவனமாகவே அறிவார்கள். புலம்பெயர்ந்த ஒருவன் எதற்காக வயிற்றைக் கட்டியும் பணம் செலவழிப்பான் என்பதைப் புலம்பெயர்ந்தவர்களே கண்டுகொண்டார்கள். ஊருக்குப் பேசுவதற்கு! அந்த ஏக்கத்தின் மேல் கட்டப்பட்ட வாணிபம் இது. அதில் தவறில்லை, ஆனால் நம் ஏக்கத்திற்கு ஒரு சந்தை மதிப்பு உண்டு என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த நிறுவனம் சிறந்தது என்று என்னைக் கேட்டால் பெயர் சொல்லமாட்டேன். அதை நகரத்தின் விளம்பரப் பலகையில் பார்ப்பதைவிட, நீங்கள் படுக்கப்போகும் அறையில் ஏற்கெனவே இருப்பவரிடம் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. எண்ணெய்க் கிணறுகளும் கட்டட வேலைகளும் பாலைவனத்திற்குள். நகர நடுவில் பறக்கிற சிக்னல் அங்கே படுத்துவிடலாம். இரண்டு பேர் இரண்டு நிறுவனச் சிம் வைத்திருந்தால், இரவு ஒன்பது மணிக்கு, எல்லாரும் ஒரே சமயத்தில் ஊருக்குப் பேசும் வேளையில், எவருடைய அழைப்பு அறுபடாமல் நிற்கிறது என்று ஒரு வாரம் கவனித்தால் போதும்.

எல்லைப்புறத்து மக்களாகிய நமக்கு ஒரு பாடம் முன்பே தெரியும். உள்நாட்டு ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில், ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் பேச்சின் விலை மாறும். தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டிருக்கும்போதே கைப்பேசி கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு காசைத் தின்னும். பின்னாளில் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் நாடுகளுக்கிடையே இன்னும் ஒழியவில்லை. அமீரகத்தின் அல் ஐனும் ஓமானின் புரைமியும் நம் ஓசூரும் அத்திப்பள்ளியும் போல, ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் நிற்பவருக்கு எதிர்க்கரையில் ஜொகூர். இத்தகைய இடங்களில் வேலை கிடைத்தவர், கைப்பேசியில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, வலையமைப்பைத் தாமே தேர்ந்தெடுத்து வைப்பது பாதுகாப்பு.

விலைப்பலகையில் போட்டிருக்கும் எண் முழுவிலை என்று நம்பாதீர்கள். அமீரகத்தில் 2018 முதல் ஐந்து விழுக்காடும், சவூதியில் 2020 ஜூலை முதல் பதினைந்து விழுக்காடும் மதிப்புக்கூட்டு வரி உண்டு. வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். "வரம்பற்ற" என்ற சொல்லுக்கும் ஒரு வரம்பு இருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகம் ஆமையாகிவிடும். இருபத்தெட்டு நாள் திட்டத்தை மாதத் திட்டமென எண்ணினால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை கட்டுவீர்கள்.

முதல் ஆண்டில் போஸ்ட்பெய்டு ஒப்பந்தமும், அதோடு தவணையில் தரப்படும் விலையுயர்ந்த கைப்பேசியும் வேண்டாம் என்பது என் கருத்து. வேலை நிலைக்குமா, கஃபீல் எத்தகையவர் என்பது தெரியுமுன் ஈராண்டுக் கடனில் கையெழுத்திடுவானேன்? சம்பளம் ஒரு மாதம் தாமதமானால் பிரீபெய்டுக்காரரின் பேச்சு மட்டும் குறையும். போஸ்ட்பெய்டுக்காரருக்குக் கடன் ஏறும்.

ஊரில் விட்டுச் செல்லும் எண்

புது எண்ணின் மகிழ்ச்சியில் பழைய எண்ணை மறந்துவிடுவதைப் பலரிடம் காண்கிறேன். ஆதார், இங்குள்ள வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு எல்லாம் அந்த இந்திய எண்ணில் இருக்கின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் ஒருநாள் அது துண்டிக்கப்படும். துண்டிக்கப்பட்டுத் தொண்ணூறு நாட்களுக்குப் பின் அந்த எண்ணை இன்னொருவருக்கு ஒதுக்கலாம். உங்கள் வங்கியின் மறைஎண் அப்போது முகம் தெரியாத ஒருவருடைய கைப்பேசியில் வந்து விழும்.

ஆகவே இரண்டு சிம் போடும் கைப்பேசியில் இந்தியச் சிம்மை இரண்டாம் இடத்தில் உயிரோடு வைத்திருங்கள். தேவனஹள்ளி விமான நிலையத்தில் ஏறுமுன், இந்திய மண்ணில் இருக்கும்போதே, பன்னாட்டு ரோமிங் வசதியைத் திறந்துகொள்ளுங்கள். டேட்டாவை மட்டும் மூடிவையுங்கள். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. அதில் வரும் அழைப்பை மட்டும் எடுக்க வேண்டாம். எடுத்தால் கட்டணம் உண்டு. எண்ணை உயிரோடு வைக்க மாதந்தோறும் டேட்டாவுக்கும் சேர்த்து அழ வேண்டியதில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான, நீண்ட செல்லுபடிக் காலமுள்ள திட்டங்களைத் தர வேண்டுமென்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. 2025 தொடக்கத்தில் அத்தகைய திட்டங்கள் வந்தன. வீட்டில் இருப்பவர் அதைப் போட்டுவிடலாம். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம்மோடு பிணைந்தே இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு பிறப்பித்ததையும் இங்கே நினைவில் கொள்க. சிம்மைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போவது இனி உதவாது.

என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு வைத்திருப்போர் தம் அயல்நாட்டு எண்ணைக் கொண்டே யு.பி.ஐ.யில் பணம் அனுப்ப, 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு வழி திறக்கப்பட்டது. சவூதி, அமீரகம், ஓமான், கத்தர், சிங்கப்பூர் ஆகியவை அதில் அடங்கும். குவைத்தும் பஹ்ரைனும் அந்த முதற்பட்டியலில் இல்லை. உங்கள் வங்கி அதை ஏற்கிறதா என்று புறப்படுமுன் கேட்டுவிடுங்கள். இங்கும் முதல் நிபந்தனை, அந்த அயல்நாட்டு எண் உங்கள் சொந்தப் பெயரில் இருப்பதே.

ஊரிலிருக்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மகனின் புது எண் வந்ததும் அதைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள்; கைப்பேசி தொலைந்தால் எண்ணும் தொலைந்து போகாமலிருக்கும். அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து, "உங்கள் மகன் போலீஸில் பிடிபட்டான், உடனே பணம் அனுப்புங்கள்" என்று குரல் வந்தால், பதறாமல் துண்டித்துவிட்டு அந்தக் காலண்டர் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்.

வேலை முடிந்து நிரந்தரமாகத் திரும்பும் நாளில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கணக்கில் உள்ள பணத்தையெல்லாம் ஊருக்கு மாற்றி முடிக்கும்வரை அந்நாட்டு எண் உயிரோடு இருக்கட்டும். வங்கிக் கணக்கை முறையாக மூடிய பிறகு, நிறுவனத்தின் அலுவலகத்திற்கு நேரில் சென்று எண்ணை உங்கள் பெயரிலிருந்து நீக்கி, பாக்கி ஏதுமில்லை என்ற சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விசா இரத்தாவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். இரத்தான பின் அடையாள அட்டை செல்லாது. அந்தச் சிம்மை அறையில் அடுத்து வரும் புதியவருக்கு அன்பளிப்பாக விட்டுவிட்டு வராதீர்கள்.